மாமியார், அத்தை, மச்சான்

ரஸ் கோவாக் சாப்பாட்டு மேஜையில் வெண்ணெய் கேட்கும்போதுகூட வாயை மறைத்துக்கொண்டுதான் கேட்பார். தட்டோ, கைக்குட்டையோ, மின்சார பில்லோ, கையில் கிடைத்தது எதுவானாலும் அது மூக்குக்குக் கீழே வந்து நின்றுவிடும்.

"தட்டை இறக்கிட்டுக் கேளு," என்பார் மனைவி டோரின். "இங்க யாரும் பைனாக்குலர் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கல."

"பழக்கமாயிடுச்சு, கண்ணு."

"பழக்கமா, வியாதியா?"

வியாதிதான். அமெரிக்கக் கால்பந்தில் கோச்சாக இருக்கிறவர்களுக்கு வருகிற தொழில் வியாதி. மைதானத்தின் ஓரத்தில் நின்று உத்தரவு சொல்கிற எந்தக் கோச்சும் வாயைத் திறந்து காட்ட மாட்டான். காட்டினால், எதிரணிக்காரன் மேல்மாடத்தில் பைனாக்குலரோடு உட்கார வைத்திருக்கிற ஆள் உதட்டசைவைப் படித்து, அடுத்து நடக்கப்போவதைக் கீழே சொல்லிவிடுவான். அதனால் ஆளுக்கொரு லேமினேட் அட்டை. உத்திகளெல்லாம் அதில் அச்சடித்திருக்கும் என்பது பெயருக்குத்தான். வாய்க்கு மூடி என்பதே அதன் நிஜமான வேலை. மற்றவர்கள் சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அட்டையைக் கீழே வைத்துவிடுவார்கள். ரஸ் வைப்பதில்லை. பயிற்சியிலும் அட்டை, சர்ச்சில் பாட்டுப் பாடும்போதும் அட்டை. பல் டாக்டரிடம் மட்டும்தான் மனுஷன் ஒழுங்காக வாயைத் திறந்திருக்கிறார், அதுவும் ஊசி போட்ட பிறகு.

அவர் பார்த்துக்கொள்வது பின்வரிசை. எதிரணியின் குவார்ட்டர்பேக் பந்தைத் தூக்கித் தொலைவாக எறிவான். அதைப் பிடிக்க நாலைந்து பேர் விழுந்தடித்து ஓடுவார்கள். அவர்களைப் பிடிக்க விடாமல் செய்கிற பையன்களுக்கு ரஸ் கோச். இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. முன்வரிசையில் ஒருத்தன் கோட்டை விட்டால் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். பின்வரிசையில் கோட்டை விட்டால் ஊர் பூராவும் தெரியும், ஸ்கோர்போர்டிலும் ஏறிவிடும். இதனாலோ என்னவோ, ரஸ் குப்பை கொட்டிய ஊர்கள் பதினொன்று.

தலைமைக் கோச்சை அனுப்பினால் அவருக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரையும் சேர்த்து அனுப்புவது இந்தத் தொழிலின் மரியாதை. நெப்ராஸ்காவில் தலைமைக் கோச் தோற்றுக்கொண்டே இருந்தார், எல்லோரும் வெளியே. இடாஹோவில் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் தலைமைக் கோச் கல்லூரித் தலைவரின் படகை, கல்லூரித் தலைவரும் உள்ளே இருக்கும்போது, ஏரியில் கவிழ்த்தார். மிசௌரியில் அணியையே கலைத்துவிட்டு மைதானத்தில் கார் நிறுத்துமிடம் போட்டார்கள். டெக்சாசில் ஒரே ஒரு வருஷம் பெரிய தொழில்முறை அணியில்கூட இருந்தார். அந்த வருஷம் நாட்டிலேயே அதிகமாக அடி வாங்கிய பின்வரிசை தன்னுடையதுதான் என்று அவரே விருந்துகளில் சொல்லிச் சிரிப்பார்.

கடைசியாக வந்து சேர்ந்தது ஒஹாயோவில் கோல்டர்வில். டேட் கல்லூரி. சின்னக் கல்லூரிதான், பின்வரிசை கோச்சே பையன்களின் காலுறைகளையும் துவைத்துப் போட வேண்டும். ஆனால் ஐந்து வருஷம் தாக்குப்பிடித்துவிட்டார்.

அவருடைய உத்திகள் மூன்றே மூன்று. மூன்றுக்கும் டோரின் வீட்டு ஆட்களின் பெயர். முதலாவது மாமியார். மாமியார் என்றால் உன் ஆளை விட்டு நகராதே, அவன் சமையலறைக்குப் போனால் நீயும் போ, அவன் தும்மினால் ஏன் தும்மினாய் என்று கேள். இரண்டாவது அத்தை. டோரினின் மில்ட்ரெட் அத்தை தன் சோபாவை விட்டு எழுந்ததே கிடையாது. ஆனால் சோபாப் பக்கம் வந்த பிஸ்கட் எதுவும் திரும்பிப் போனதும் கிடையாது. அதாவது ஆளைத் துரத்தாதே, உன் இடத்தில் நில், அங்கே வருகிற பந்து உன்னுடையது. மூன்றாவது மச்சான். டோரினின் தம்பி வேய்ன் மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல் நேராக உள்ளே புகுந்துவிட வேண்டும், குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன்னாலேயே அவன் மேல் போய் விழ வேண்டும்.

"எங்க குடும்பத்தை வச்சுத்தான் உனக்குப் பிழைப்பே ஓடுது," என்பார் டோரின். "இதுக்காவது எங்கம்மாவுக்கு ஒரு நல்ல சால்வை வாங்கிக் கொடுத்திருக்கலாம்."

அந்த டோரின்தான் இந்த நவம்பரில் நகரசபைத் தேர்தலில் நின்று ஜெயித்துவிட்டார். நாலாவது வார்டு. எதிர்த்து நின்றவர் இருபது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த மரக்கடைக்காரர். ஐந்து வருஷத்தில் டோரின் வார்டில் ஒரு கதவு விடாமல் தட்டியிருந்தார். யார் வீட்டு முன்னால் குழி, யார் வீட்டுக் கிழவர் மாத்திரை போட மறக்கிறார் என்பது வரை தெரியும். முடிவு வந்த இரவு அவர் சமையலறையில் நின்றுகொண்டு ஒன்று சொன்னார்.

"ரஸ், பதினோரு ஊரு நான் பெட்டி கட்டிட்டேன். இதுக்கு மேல கட்ட மாட்டேன். ஜனவரியில பதவி ஏத்துக்கறேன், நாலு வருஷம் இங்கதான். உனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சா நீ போ. வாரக் கடைசியில வந்து பாரு. சண்டை போடலை, சொல்லி வைக்கிறேன்."

ரஸ் தட்டை எடுத்தார், மறைக்க ஒன்றுமில்லாததால் கீழே வைத்தார். அதே வாரம்தான் கல்லூரி நிர்வாகிகள் தலைமைக் கோச் கைல் மெரிக்கைக் கூப்பிட்டு, அடுத்த வாரம் சனிக்கிழமை ப்ரையர்வுட் கல்லூரியிடம் மறுபடியும் தோற்றால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். இந்த வயதில் டோரின் இல்லாமல் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு ஒற்றை அறையில், டப்பாவைத் திறந்து சூப் சுடவைத்துக் குடிப்பதை மனுஷனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தோற்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

திங்கட்கிழமை ப்ரையர்வுட்டிலிருந்து ஹாங்க் டாலிவர் போன் செய்தார். அங்கே தாக்குதல் கோச் அவர்தான். ரஸ்ஸோடு நாலு ஊர்களில் ஒன்றாக வேலை பார்த்தவர், கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்று மோதிரத்தைத் தொலைத்தவர்.

"என்னடா கிழவா, இன்னும் மாமியார் அத்தையெல்லாம் வச்சுத்தான் ஓட்டறியா?"

"உனக்கென்னடா வந்துது?"

"ஒண்ணுமில்ல. போன வருஷம் மேல ஒரு பையனை உக்கார வச்சேன். கெட்டிக்காரன். நீ அட்டையைக் கொஞ்சம் இறக்கினாலும் போதும், வரி வரியாப் படிச்சிடுவான். உன் கைஜாடை எனக்கு அத்துப்படி. என் ஜாடையைத்தானே நீ திருடினே."

"நீதான் என்கிட்ட திருடினே."

"சரி, சனிக்கிழமை பார்ப்போம். டோரினுக்கு என் வாழ்த்தைச் சொல்லு. கவுன்சிலராமே. நீ எங்க போறதா இருக்கே?"

ஹாங்க் வாயைத் திறந்தால் குத்தாமல் விட மாட்டார். ரஸ் போனை வைத்துவிட்டு வெகுநேரம் சூரியகாந்தி விதையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்திருந்தால் டோரின் கார் சாவியை ஒளித்து வைத்திருப்பார்.

படிக்க ஆள் வைத்திருக்கிறான் அல்லவா, படிக்கட்டும். சனிக்கிழமை அட்டையே கிடையாது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பல்லும் நாக்கும் தெரிய, பொய்யாகச் சொல்லிக்கொண்டே இருப்பது. நிஜமான உத்தரவை மாற்று ஆட்டக்காரன் ஒருத்தன் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு கைஜாடையில் காட்டுவான். ஜாடைகளும் புதுசு: தலையில் கை வைத்தால் மாமியார், இடுப்பில் கை வைத்தால் அத்தை, கையைக் கட்டினால் மச்சான். ஒரு நாளில் யாரும் படித்துவிடலாம்.

புதன்கிழமை பயிற்சியில் பின்வரிசைப் பையன்களை வட்டமாக நிறுத்தி ரஸ் இதை விளக்கினார். பரம ரகசியமான விஷயம் என்பதால் அட்டையை வழக்கத்தைவிட நெருக்கமாக, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சனிக்கிழமை என் வாயை நம்பாதீங்க. வாய்ல வர்றதெல்லாம் பொய். மஞ்சத் தொப்பி கையை மட்டும் பாருங்க. புரிஞ்சுதா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆமோஸ் பெட்வேயும் ஆட்டினான். அவன் எப்போதும் ஆட்டுவான். மூன்றாம் வருஷ மாணவன். நல்ல வேகம், நல்ல கை. ஆனால் சொன்னது ஒன்று, செய்வது ஒன்று. இரண்டு வருஷமாக ரஸ் அவனைத் தலையாட்டி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார், பெஞ்சில்தான் உட்கார்த்தி வைத்திருந்தார். வியாழக்கிழமை, பின்வரிசையின் நடுவில் நிற்கிறவனுக்குக் கணுக்கால் பிசகியது. அந்த இடத்துக்கு ஆமோஸைத் தவிர வேறு ஆள் இல்லை. ரஸ் வானத்தைப் பார்த்தார், பிறகு ஆமோஸைப் பார்த்தார். ஆமோஸ் தலையாட்டினான்.

சனிக்கிழமை ஆட்டம் தொடங்கியதும் ப்ரையர்வுட் பக்கம் ஒரே கொண்டாட்டம். ரஸ் கோவாக் அட்டை இல்லாமல் நிற்கிறார். எதிர் ஓரத்தில் ஹாங்க் காதில் போனை அழுத்திக்கொண்டு மேல்மாடத்துப் பையன் படித்துச் சொல்வதைக் கேட்டுக்கேட்டுத் தலையாட்டுவது இங்கேயிருந்தே தெரிந்தது.

ரஸ் மேல்மாடத்தை நோக்கி முகத்தைத் தூக்கி, ஒவ்வொரு எழுத்தையும் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மா... மி... யார்." மஞ்சள் தொப்பிக்காரன் இடுப்பில் கை வைத்தான், அத்தை. ஹாங்க் மாமியாரை நம்பி, துரத்துகிற ஆட்களைத் திசை திருப்பி இழுத்துப்போகிற மாதிரி ஓர் ஆட்டம் சொன்னார். யாரும் துரத்தவில்லை. சோபாவில் உட்கார்ந்திருந்தவன் மடியில் பந்து வந்து விழுந்தது. டேட் கல்லூரி அரங்கம் எழுந்து நின்று கத்தியது. ரஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போதே ஒருத்தன் மட்டும் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அடுத்த முறை வாய் மச்சான் என்றது, கை அத்தை என்றது. நாலு பேர் சோபாவில் இருந்தார்கள். ஆமோஸ் பெட்வே மட்டும் எங்கிருந்தோ தன்னந்தனியாக வேய்ன் மாதிரி புகுந்து குவார்ட்டர்பேக் மேல் போய் விழுந்தான். அவன் பயந்துபோய் எறிந்த பந்தையும் டேட் பையன் ஒருவன் பிடித்துவிட்டதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. மூன்றாவது முறை அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. வாய் மாமியார், கை அத்தை. ஆமோஸ் சோபாவைக் காலியாக விட்டுவிட்டு ஒருத்தன் பின்னாலேயே மைதானத்தின் மறுகோடி வரை போனான். காலியான இடத்தில் ப்ரையர்வுட் ஆள் நின்று நிதானமாகப் பந்தைப் பிடித்தான், நடந்தே போய் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டான். கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி இன்னொன்று.

"ரஸ், உங்க பையன் எங்க போறான்?" காதில் மாட்டியிருந்த கருவியில் கைல் மெரிக்கின் குரல் கீச்சென்று கேட்டது.

"தெரியலை, கோச். விசாரிச்சுச் சொல்றேன்."

இடைவேளையில் ப்ரையர்வுட் பதினாலு, டேட் பத்து. ரஸ் ஆமோஸின் சட்டையைப் பிடித்து, தலைக்கவசங்கள் அடுக்கி வைத்திருக்கிற அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். டப்பா சூப் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"டேய், என் வேலைக்கு உலை வைக்கறியா? அத்தைன்னா ஏன்டா மாமியார் ஆடறே?"

"நீங்கதான் மாமியார்னு சொன்னீங்க, கோச்."

"நான் எப்படா சொன்னேன்?"

"வாயால சொன்னீங்க. நல்லாத் தெளிவா." ஆமோஸின் முகத்தில் பயம் இருந்தது, ஆனால் அதோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. "இன்னிக்குத்தான் கோச் நீங்க பேசினது எனக்கு முழுசாப் புரிஞ்சுது."

ரஸ் வாயில் இருந்த விதைத் தோலைத் துப்புவதற்காக முகத்தைத் திருப்பினார். திருப்பியபடியே, "புதன்கிழமை என்னடா சொன்னேன்?" என்று கேட்டார். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் பையன் தலையாட்டிக்கொண்டு நிற்கிறான்.

ரஸ்ஸுக்குச் சந்தேகம் வந்தது. பழக்கத்தில் இடுப்பில் செருகி வந்திருந்த அட்டையை எடுத்து வாய்க்கு முன்னால் பிடித்தார். "உன் பேர் என்ன?"

ஆமோஸ் தலையாட்டினான்.

அட்டையை இறக்கினார். "உன் பேர் என்ன?"

"ஆமோஸ் பெட்வே, கோச்." பையனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். "சின்ன வயசுல காய்ச்சல். வலது காது சுத்தமா இல்லை, இடதுல வெறும் இரைச்சல். காதுல வைக்கற மெஷின் ஹெல்மெட்டுக்குள்ள நிக்காது. வாயைப் பார்த்துத்தான் சமாளிக்கறேன். வகுப்புல எல்லாருக்கும் தெரியும். டீம்ல சொல்லலை."

"ஏன்டா சொல்லலை?"

"ஹைஸ்கூல்ல சொன்னேன். பத்திரமா இருன்னு பெஞ்சுல உக்கார வச்சுட்டாங்க."

இங்கே சொல்லாமலே உட்கார வைத்திருந்தோம் என்று ரஸ்ஸுக்குத் தோன்றியது. இரண்டு வருஷம். தினமும் தொண்டை வறளக் கத்தியிருக்கிறார். அத்தனையும் ஒரு பிளாஸ்டிக் அட்டைக்குப் பின்னால். எதிரி படித்துவிடக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்து, தன் பையனுக்கே ஒரு வார்த்தை போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் அவனைத் தலையாட்டி என்று வேறு கூப்பிட்டாயிற்று. அவருக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு வெட்கம் டெக்சாசில்கூட வந்ததில்லை.

"தப்பு என்மேலதான்டா," என்றார், முகத்துக்கு நேராக. "உன்மேல இல்ல. கேட்டுதா?"

"பார்த்தேன், கோச்."

பிறகு ரஸ் புதன்கிழமை சொன்னதை முதலிலிருந்து சொன்னார். வாய் பொய், கை நிஜம், மஞ்சள் தொப்பி. ஆமோஸ் பார்த்து முடித்ததும் முதல் தடவையாகத் தலையாட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அப்ப முதல் பாதி பூரா நான் ப்ரையர்வுட்டுக்கா கோச் ஆடினேன்?"

"ரொம்ப நல்லா ஆடினே. இப்ப நமக்கு ஆடு."

இரண்டாம் பாதியில் ஓட்டை அடைபட்டுப்போயிற்று. மில்ட்ரெட் அத்தையே வந்து நின்றிருந்தாலும் சோபாவை இவ்வளவு கெட்டியாகக் காத்திருக்க மாட்டார். ப்ரையர்வுட்டுக்கு ஒரு புள்ளி கிடைக்கவில்லை. டேட் ஒரு டச்டவுன் போட்டுப் பதினேழு பதினாலு என்று முன்னால் போய்விட்டது. ஹாங்க் ஒன்றும் முட்டாள் இல்லை; இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரத்திலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டார். எதிர் ஓரத்திலிருந்து ரஸ்ஸைப் பார்த்து ஆள்காட்டி விரலை ஆட்டினார். அதாவது, திருட்டுப் பயலே, வாயில் வருவதெல்லாம் புளுகு என்று தெரிந்துகொண்டேன்.

கடைசி நிமிடம். பந்து ப்ரையர்வுட் கையில். ஹாங்க் மூச்சு விட நேரம் கொடுக்காமல், ஒரு ஆட்டம் முடிந்ததும் அடுத்தது, அடுத்தது என்று விரட்டிக்கொண்டு டேட் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் நேரம். டச்டவுன் விழுந்தால் எல்லாம் போச்சு. இந்த அவசரத்தில் மஞ்சள் தொப்பிக்காரனுக்குக் கை கால் ஓடவில்லை. இடுப்பில் வைத்த கையை எடுக்காமல் நட்ட கம்பம் மாதிரி நின்றான். அத்தை.

அத்தை கூடாது. ரஸ்ஸுக்கு ஹாங்க்கைத் தெரியும். ஒரே வீட்டில் மூன்று வருஷம் குடியிருந்து, ஒரே குளிர்பெட்டிக்குச் சண்டை போட்டவர்கள். நெருக்கடி வந்தால் ஹாங்க் யோசிக்க மாட்டார். இருப்பதிலேயே உயரமானவனை இடது மூலைக்கு அனுப்பி, அவன் தலைக்கு மேல் பந்தைப் போடச் சொல்வார். நெப்ராஸ்காவிலும் அதுதான், மிசௌரியிலும் அதுதான். அந்த உயரக்காரன் மேல் ஒருத்தன் மாமியாராகப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். அங்கே போய்ச் சேரக்கூடிய வேகம் ஆமோஸுக்கு மட்டும்தான் உண்டு.

அரங்கம் போட்ட கூச்சலில் காது நன்றாகக் கேட்கிறவனுக்கே ஒன்றும் கேட்காது. ரஸ் கோட்டோரத்துக்கு ஓடினார். இரண்டு கையையும் ஆட்டினார். ஆமோஸ் திரும்பிப் பார்த்தான்.

"இது நிஜம்டா," என்றார் ரஸ், விதையை மென்றுகொண்டே, எப்போதும் பேசுகிற கொழகொழத்த பேச்சில். "மாமியார். இடது மூலை. உசரமானவன்."

மேல்மாடத்துப் பையனும் அதைப் படித்தான், அப்படியே ஒரு வார்த்தை விடாமல் கீழே சொன்னான். ஹாங்க் போனைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். தன் குவார்ட்டர்பேக்கைப் பார்த்து இடது மூலைக்கே போடு என்று கையைக் காட்டினார்.

பந்து மேலே போயிற்று. உயரக்காரன் குதித்தான். அவன் முதுகோடு ஒட்டி, சமையலறை வரைக்கும் பின்தொடர்ந்து வந்த ஆமோஸ் பெட்வேயும் குதித்தான். ஒரு கை மேலே வந்தது. பந்து திசைமாறிப் புல்லில் விழுந்து உருண்டது. ஆட்டம் முடிந்தது.

நடுமைதானத்தில் ஹாங்க் வந்து ரஸ்ஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டார், கொஞ்சம் இறுக்கமாகவே. "டேய் புளுகா. முப்பது வருஷத்துல ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னே. அதை நான் நம்பித் தொலைக்கலையேடா."

ரஸ் ஆமோஸைத் தேடிப் போனார். "நான் நிஜம் சொல்றேன்னு உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"பொய் சொல்றப்ப நீங்க ரொம்ப அழகா உச்சரிக்கறீங்க, கோச். நிஜம் சொல்றப்ப மென்னு மென்னு பாதியை முழுங்கிடறீங்க."

வீட்டில் டோரினிடம் இதைச் சொன்னபோது, "இதை நான் கல்யாணமான வருஷமே கண்டுபிடிச்சிட்டேன்," என்றார் அவர். இருவரும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்கள். வேலை தப்பித்தது, ஊர் தப்பித்தது, டப்பா சூப் தப்பித்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் கைல் மெரிக் ரஸ்ஸை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முகமெல்லாம் பல். ப்ரையர்வுட்டை அப்படி அடித்ததைப் பார்த்து அரிசோனாவில் ஒரு பெரிய கல்லூரி அவரைக் கூப்பிட்டுவிட்டது. "நீங்களும் வர்றீங்க, ரஸ். பின்வரிசை உங்களுக்குத்தான். சம்பளம் ரெண்டு மடங்கு. அங்க காலுறை துவைக்கத் தனியா ஆள் இருக்கு."

தோற்றால் துரத்துவார்கள் என்று ரஸ்ஸுக்குத் தெரியும். ஜெயித்தாலும் இப்படி ஆகும் என்பதை, இத்தனை வருஷத்தில் அதிகமாக ஜெயித்துப் பழக்கமில்லாததால், மனுஷன் யோசிக்கவே இல்லை.

"நான் வரலை, கோச்," என்றார்.

"ஏன்? இங்க வர்ற புது ஆளு தன் ஆளுங்களைக் கூட்டிட்டு வருவான். உங்களை வச்சுக்க மாட்டான்."

"வச்சுக்க மாட்டான்தான்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"வீட்ல இருப்பேன்," என்றார் ரஸ். சொல்லி முடித்த பிறகுதான் வாயில் விதை இருப்பதே அவருக்குத் தெரிந்தது.

அப்படியே ஆயிற்று. கிறிஸ்துமஸுக்கு முன்னால் புதியவர் வந்தார், தன் ஆட்களோடு வந்தார். ரஸ் தன் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டார். ஊர் ஹைஸ்கூலில் சாயங்கால நேரத்தில் பின்வரிசைப் பையன்களைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சரி என்றார். ஆமோஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவர் சமைத்ததைச் சாப்பிட்டு, அவர் சமையலைப் பற்றி முகத்துக்கு நேராகவே அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போனான். ஒரு நாள் காலையில், காப்பி ஊற்றும்போது, டோரின் அவர் தலையில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றார்.

ஜனவரியில் நகரசபையின் முதல் கூட்டம். டோரின் மேடையில், பெயர்ப்பலகைக்குப் பின்னால், நீலக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரஸ் பின்வரிசையில்தான் உட்கார்ந்தார். வேறு எங்கே உட்காருவார். பொதுமக்கள் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டபோது கையைத் தூக்கினார். தெருமுனையில் விளக்கு எரியாமல் இருட்டாகக் கிடந்தது. நிஜமாகவே அவருக்கு அது குறை.

மைக்குக்கு முன்னால் போய் நின்றார். கிளார்க் பேனாவை எடுத்தாள். "பதிவுக்காக உங்க பேரும் வீட்டு முகவரியும் சொல்லுங்க, சார்."

"ரஸ் கோவாக். பீச் தெரு," என்றார். அதற்கு மேல் வரவில்லை. பதினோரு ஊரிலும் வீடு பார்த்தது டோரின், சாவி வாங்கியது டோரின், கடிதங்களை எடுத்தது டோரின். நீல வீடு, பெரிய மரத்துக்கு அடுத்தது என்றுதான் அவர் ஒவ்வொரு ஊரிலும் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார். எப்படியும் விட்டுப் போகப்போகிற வீட்டுக்கு எண் எதற்கு என்று இருந்துவிட்டார்.

கூட்டம் காத்திருந்தது. ரஸ் மேடையைப் பார்த்தார். "டோரின், நம்ம வீட்டு நம்பர் என்ன?"

கூடமே சிரித்தது. சபைத் தலைவர் சிரித்தார், கிளார்க் சிரித்தாள். டோரின் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இருநூத்திப் பதினாலு," என்றார். "இருநூத்திப் பதினாலு, பீச் தெரு. எழுதிக்குங்க."

"இருநூத்திப் பதினாலு," என்றார் ரஸ். கிளார்க் எழுதி முடித்த பிறகும் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் விளக்குக்கு வந்தார்.